குறிப்பு என்ற கட்டம்

வாக்காளர் பட்டியல் திருத்தும் வேலைக்கு என் பெயர் வந்திருப்பதாகத் தலைமையாசிரியர் சொன்னபோது என் மகளுக்கு எட்டு மாதம். கோடை விடுமுறைக்கு நான்கு நாட்கள் இருந்தன. கைக்குழந்தை இருக்கிறது, முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடு என்றார் உடன் வேலை பார்த்த டீச்சர். நான் எழுதிக் கொடுக்கவில்லை. வேலை நிரந்தரமாகி ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில், மறுத்தால் என் ஃபைலில் என்ன ஏறுமோ என்று பயம். மறுக்காமல் வீட்டுக்கு வந்த பிறகு, பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு வெயிலில் அலையப் போகிறேனே என்று இன்னொரு பயம். அந்த வயதில் என்னிடம் எப்போதும் இப்படி இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று தூங்கினால் மற்றது விழித்துக்கொள்ளும்.

எங்களுக்கு டில்லி ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். மாடியில் இரண்டு அறை. கணவர் ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா. நான் தமிழ் வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. கீழ்வீட்டு மாமி காலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு ஒதுக்கியிருந்தது எங்கள் செக்டாரின் இரண்டு வரிசை வீடுகளும் நாலா என்ற சாக்கடை ஓடைக்கு அந்தப் பக்கம் ஒட்டிக் கிடந்த ஜுக்கிக் குடிசைகளும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அஸ்ஸாமில் நடந்துகொண்டிருந்த போராட்டம் தினமும் எங்கள் பஸ்ஸிலும் ஏறிக்கொள்ளும். வெளிநாட்டுக்காரர்கள் ஓட்டுப் பட்டியலில் புகுந்துவிட்டார்கள் என்பார் ஒருவர். ஓட்டுக்காகத்தான் புக விட்டார்கள், இப்போது ஓட்டுக்காகவே விரட்டப் போகிறார்கள் என்பார் இன்னொருவர். உங்கள் வீட்டைக் கட்டியவன் யார், பாத்திரம் துலக்குகிறவள் யார் என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். கண்டக்டர் எல்லோரையும் முன்னால் நகரச் சொல்லுவார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் மனதுக்குள் முதல் ஆளின் பக்கம்தான் இருந்தேன். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதன்படி நடக்க வேண்டாமா? நான் அப்படி வளர்க்கப்பட்டவள்.

பயிற்சி நாளில் மேற்பார்வையாளர் படிவத்தை விளக்கினார். பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, வீட்டு எண். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். “சந்தேகம் இருந்தால் அதில் எழுதுங்கள்” என்றார். என்ன சந்தேகம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது நான்.

ஜுக்கிகளுக்குப் போன இரண்டாம் நாள் ஒரு வாசலில் நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்த இந்தியில் ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு என் கழுத்துத் தாலிச் சரட்டைப் பார்த்தாள்.

“தமிழா நீங்க?”

எனக்கு வெயிலே மறந்துவிட்டது. “அட, நீயும் தமிழா! எந்த ஊரு?”

டில்லியில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் முதலில் கேட்பது இதைத்தான். ஆபீசில், கோயில் வரிசையில், பால் பூத்தில், எங்கும். பெயரைக்கூட அப்புறம்தான் கேட்போம். கும்பகோணம் என்று ஒருவர் சொன்னால் மற்றவர் உடனே தன் அத்தையை அங்கே கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொல்வார். உறவைத் தேடுவதற்கான கேள்வி அது. நானும் அப்படித்தான் கேட்டேன். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

“ஊருன்னு என்னத்தச் சொல்ல? தோட்டந்தான்” என்றாள்.

“எந்தத் தோட்டம்?”

“சிலோன்ல. தேயிலைத் தோட்டம். பொறந்து வளந்ததெல்லாம் அங்க கூலியாளுக லயத்துலதான். தாத்தா காலத்துல துறையூர்ப் பக்கமிருந்து போனவுகளாம். பொறகு, ஒங்க நாட்டுக்கே போங்கன்னு கப்பல் ஏத்திவிட்டுட்டாக. அப்ப எனக்கு பதினாலு வயசு.”

இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்துத் தமிழர்களை ஆள் பிரித்துக்கொண்ட கதை எனக்குப் பத்திரிகை வழியாகத் தெரியும். அப்படி வந்த ஒருத்தியை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அப்பாவும் அண்ணனும் கோத்தகிரியில் தங்கிவிட்டார்கள், தன்னைச் சேலத்துக் கொத்தனார் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், கட்டட வேலைக்காக அவரோடு டில்லி வந்து ஆறு வருடமாகிறது என்றாள். பிள்ளைகள் இல்லை. பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொடுத்தாள். குடித்தேன். பிறகு படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பினேன்.

எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. காலியாக விட்டால் ஆய்வாளர் சிவப்பு மையில் சுழிப்பார். அந்தப் பழக்கமோ, தெரிந்த ஓர் உண்மையை எழுதாமல் விட்டால் மறைத்ததாகிவிடுமோ என்ற நினைப்போ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில், பிறந்தது சிலோன் என்று ஆங்கிலத்தில், என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். பிறந்த இடத்தை அந்தப் படிவம் கேட்கவே இல்லை.

அடுத்த வீடு ஒரு வங்காளிப் பெண்ணுடையது. இடுப்பில் ஒரு குழந்தை, வாசலில் இரண்டு. ஊரைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. கல்கத்தா பக்கம் என்றாள். அங்கே, வங்காளி, சான்று எதுவும் காட்டவில்லை என்று எழுதினேன். மற்ற வீடுகளில் நான் சான்று எதையும் கேட்கவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது மாமிக்கு முழங்கால் வலி. முழு நாளும் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் தோட்டத்துப் பெண்தான். போய்க் கேட்டேன். மறுநாளே வந்துவிட்டாள். முதல் வாரம் நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே, குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு ஆள் தூங்கிவிட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் சொல்லாமல் சீக்கிரம் திரும்பி வந்து பார்த்தேன். குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கூடை தூக்கிய முதுகு.

“செக்கிங்கா டீச்சரம்மா?” என்று சிரித்தாள். “எங்க கங்காணியும் இப்பிடித்தான். சத்தமில்லாம வந்து நிப்பாரு.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு சீக்கிரம் திரும்பி வரவில்லை.

என் மகள் முதலில் சொன்ன வார்த்தை அவளிடம் கற்றதுதான். பூனையைப் பார்த்துச் சொன்னாள். நான் பள்ளியில் இருந்தேன்.

குளிர்காலம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே புல்வெளி வெயிலில் உட்கார்ந்து பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவோம், பட்டாணி உரிப்போம். தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு. ஜுக்கிகளின் பெயர்களை எல்லாம் எடுத்துவிடப் போகிறார்களாம் என்று பஞ்சாபி அண்டைவீட்டுக்காரி சொன்னாள்.

“எடுக்கட்டுமே” என்றார் மாமி. “நம்மாத்துல யாரோ வந்து உக்காந்துண்டு, நமக்கே ராஜா யாருன்னு சொல்லுவானா? ஏண்டி, நீதானே எழுதினே அங்கெல்லாம்? சரியா எழுதினியோன்னோ?”

“எழுதினேன் மாமி” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது தோட்டத்துப் பெண் இடுப்பில் மடித்துச் செருகியிருந்த ஒரு தாளை எடுத்தாள். “வாசிச்சுச் சொல்லுங்க டீச்சரம்மா. எங்க லைன்ல நெறையப் பேருக்கு வந்திருக்கு. பொதைக்கிறதா எரிக்கிறதான்னு தெரியாம வச்சிருக்கோம்.”

இந்தி நோட்டீஸ். பட்டியலில் உங்கள் பெயர் சேர்ந்ததற்கு ஆட்சேபணை வந்துள்ளது. நீங்கள் இந்தியக் குடிமகள் அல்ல என்று கூறப்படுகிறது. ஆட்சேபித்தவர் அந்தத் தொகுதியில் ஒரு கட்சிக்கு வேலை பார்க்கும் இளைஞர். ஆதாரம் என்ற இடத்தில், வீடுவீடாகச் சென்றவரின் குறிப்பு என்று போட்டு, ஆங்கிலத்தில் மூன்று சொற்களைத் தட்டச்சு செய்திருந்தார்கள். என்னுடைய மூன்று சொற்கள்.

நான் நோட்டீசை முழுவதும் வாசித்துச் சொன்னேன். அந்த மூன்று சொற்களை மட்டும் விட்டுவிட்டேன். விசாரணைக்குப் பதினைந்து நாள் இருந்தது.

“பேர எடுத்தா என்ன ஆகும்?”

“ஓட்டுப் போட முடியாது.”

“ஓட்டுக் கெடக்குது. நேத்து எங்க ஜுக்கித் தலைவன், அந்தப் பிரதான் வந்து, பேரு போச்சுன்னா ரேஷன் கார்டும் போகும், பொறகு போலீஸ் லாரி வரும்னு சொல்றான். போன தடவ ஓட்டுக் கேக்க வந்தப்ப, நீங்கள்லாம் எங்க அக்கா தங்கச்சின்னான் இதே பிரதான்.” குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் மெதுவாகத்தான் பேசினாள். “எங்கள எங்கிட்டு டீச்சரம்மா அனுப்புவாக? அங்க உள்ளவன், நீ இந்தியாக்காரி, போன்னான். இங்க உள்ளவன், நீ சிலோன்காரி, போங்கிறான். நடுவுல கடலுதான் இருக்கு. எந்தப் பாவி எழுதிக் குடுத்தானோ.”

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். டீ வைத்தேன். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கணவர் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். அழுதுகொண்டே, நான் பொய் எழுதவில்லையே, உண்மையைத்தானே எழுதினேன் என்று நாலைந்து தடவை சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

“நான் எங்க பொறந்தேன்?” என்று கேட்டார்.

“பினாங்குல.” மாமனார் அங்கே ஒரு கடையில் கணக்கெழுதியவர்.

“இந்த வரிசைக்கும் நீதான எழுதுன. நம்ம வீட்டுப் படிவத்துல குறிப்புல என்ன போட்ட?”

ஒன்றும் போடவில்லை. போட வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. சமையலறை மேடையில் வைத்து, குழந்தைக்குப் பருப்பு வேகும் இடைவெளியில் அந்தப் படிவத்தை நிரப்பியது ஞாபகம் வந்தது. அந்தக் கட்டத்தின் வெறுமை என் கண்ணை உறுத்தவே இல்லை.

“சரி, அழுகாத” என்றார். “அங்கேர்ந்து வர்றப்ப இந்தியா பாஸ்போர்ட்ல வந்திருப்பாக. அது எங்க இருக்குன்னு கேளு.”

அது கோத்தகிரியில் அண்ணன் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அப்பாவின் பாஸ்போர்ட், கப்பலில் வந்தவர்களுக்கு மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, இரண்டும். அண்ணனுக்கு அன்றே கடிதம் எழுதினேன், என் பள்ளி விலாசம் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி. எழுதி முடித்த பிறகு, தபாலில் தொலைந்துவிட்டால் இருக்கிற ஒரே அத்தாட்சியும் போய்விடுமே என்று பயந்தேன். கிழித்துவிட்டு, நகல் எடுத்து அனுப்புங்கள் என்று வேறு எழுதினேன். நகலை ஏற்க மாட்டேன் என்று அதிகாரி சொன்னால்? அதையும் கிழித்து, முதலில் எழுதியபடியே மூன்றாவதாக எழுதினேன். கணவர்தான் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் தபாலில் சேர்த்தார்.

தபால் வரும்வரை அவள் தினமும் வந்தாள். நான் தினமும் சொல்ல நினைத்தேன். சொன்னால் வேலையை விட்டுவிடுவாள், குழந்தைக்கு யார் இருக்கிறார்கள் என்றும் நினைத்தேன். அவளுக்காகத்தான் இவ்வளவு ஓடுகிறேனா, என் பிள்ளையைப் பார்க்க ஆள் போய்விடுமே என்று ஓடுகிறேனா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை. பள்ளி விட்டு வந்தால், வாசலிலேயே முகத்தைப் பார்த்து “தபால் வந்துச்சா?” என்பாள். இல்லை என்று தலையாட்டுவேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றித் தைத்திருந்தார்கள். அவளையே பிரிக்கச் சொன்னேன். பாஸ்போர்ட்டில் குடும்பமாக நிற்க வைத்து எடுத்த படம். ஓரத்தில் ரெட்டைச் சடையோடு ஒரு பெண், கண்ணை மூடிக்கொண்டு.

“படம் புடிச்சவன் இமைக்காதன்னான். அதான் மூடிட்டேன்” என்று சிரித்தாள். பிறகு அப்பாவின் முகத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவர் இறந்து நான்கு வருடமாகியிருந்தது.

அப்போது சொன்னேன். வேறு வழியில்லை. விசாரணைக்கு என்னையும் வரச்சொல்லித் தனிக் கடிதம் வந்திருந்தது. அவளுக்கு இந்தி படிக்கத்தான் வராது, கேட்டால் என்னைவிட நன்றாகப் புரியும். அந்த அறையில் கேட்கப் போவதை என் வாயிலிருந்து முதலில் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

“அத எழுதினது நான்தான்.”

அவள் தன் மடியில் இருந்த என் மகளைத் தூக்கி, என் கையில் கொடுத்தாள். எழுந்து நின்று சேலையைச் சரி செய்தாள்.

“இந்திக்காரன் எவனாச்சும் கேட்டிருந்தா திருச்சின்னு சொல்லியிருப்பேன்” என்றாள். “ஆறு வருசமா எல்லார்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்க தமிழாளாச்சேன்னு சொன்னேன். எங்க வீட்டுத் தண்ணியும் குடிச்சீங்க.”

மறுநாள் அவள் வரவில்லை. நான் விடுப்பு எடுத்தேன். குழந்தை கதவைப் பார்த்துப் பார்த்து அழுதது. எனக்குக் காய்ச்சல் வரும்போல் இருந்தது. பாஸ்போர்ட் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அதை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை. வருவாளா, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா, கொடுக்கப் போனால் முகத்தில் அடிப்பதுபோல் இருக்குமா என்று நாள் முழுவதும் யோசித்தேன். கடைசியில் போகவில்லை.

விசாரணை நாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். அவள் கணவர் வேலைக்குப் போயிருந்தார், தனியாக வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் குழந்தைக்குக் கை நீட்டினாள். அது பாய்ந்து போனது. பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அறையில் கூட்டம். அதிகாரி கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, இருமலுக்கு நடுவே பெயர்களை வாசித்தார். எங்கள் முறை வந்தது. பாஸ்போர்ட்டையும் அட்டையையும் புரட்டினார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணை மூடச் சொன்னார். அவள் மூடினாள். அறையில் எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரியும் சிரித்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “இதை எழுதியது நீங்களா? பிறந்த இடம் கேட்டு இந்தப் படிவத்தில் இடம் இருக்கிறதா, மேடம்?”

“இல்லை.”

“பிறகு ஏன் கேட்டீர்கள்?”

என் இந்தி எப்போதும் அவசரத்தில் காலை வாரிவிடும். “எங்கள் பாஷையில் பேசினாள், அதனால் ஊரைக் கேட்டேன். நாங்கள் எல்லோரிடமும் கேட்போம். கேட்டது என் வழக்கம். எழுதியது என் தப்பு” என்று ஒருவழியாகச் சொன்னேன்.

ஆட்சேபணை போட்ட இளைஞர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நல்ல நீல ஸ்வெட்டர், வீட்டில் பின்னியது. “வாஹ் மேடம்ஜி! எழுதிக் கொடுப்பதும் நீங்கள், காப்பாற்ற வருவதும் நீங்கள். நீங்கள் எந்தக் கட்சி?” என்றார். மறுபடியும் சிரிப்பு. அவர் கையிலிருந்த காகிதத்தில் இருந்ததெல்லாம் நான் எழுதியதுதானே.

ஆட்சேபணை தள்ளுபடி என்று அதிகாரி எழுதினார். பெயர் பட்டியலில் இருக்கும். அவள் பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் போனேன்.

அடுத்த பெயரை வாசித்தார்கள். அவள் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணின் பெயர். யாரும் எழுந்திருக்கவில்லை. பியூன் வெளியே போய் மூன்று தடவை கூப்பிட்டார். அதிகாரி குறிப்பைப் படித்தார். அதையும் நான்தான் எழுதினேனா என்று அவர் கேட்கவில்லை. இரண்டு கோடு போட்டுப் பெயரை அடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். அந்தச் சமயத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். எல்லோரிடமும் கேட்காததை அவளிடம் மட்டும் எதிர்பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு இந்தியில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வெயில் நன்றாக இருந்தது. பஸ்ஸுக்கு நின்றோம்.

“அவ ஏன் வரல?” என்று கேட்டேன்.

“போயிட்டாக. திங்கக்கெழம காலையிலேயே தட்டுமுட்டெல்லாம் ரிக்சாவுல ஏத்திக்கிட்டு. கதவு தகரத்தக்கூட விடல.”

“எங்க போனாக?”

“தெரியல.”

“அவளுக்கு நெசமா எந்த ஊரு?” வாயில் வந்த பிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே தெரிந்தது.

அவள் குழந்தையின் குல்லாவைக் காதுக்கு இழுத்துவிட்டாள்.

“ஆறு வருசம் ஒரே செவுரு. எனக்குக் காய்ச்சல்னா அவதான் கஞ்சி கொண்டாருவா. நான் கேட்டதில்ல டீச்சரம்மா.”

பஸ் வந்தது. குழந்தையோடு அவள் முதலில் ஏறினாள். நான் பின்னால் ஏறினேன்.